போர் முடிந்தும் திரும்பாத நிலம்: சோழவரம் ஓடுதளத்தை முன்வைத்து

1. கேள்வி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு முன்பாக இருக்கிறது குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் மாநில எல்லை தாண்டியும் பெயர் பெற்ற ஊர். மானாவாரிப் புன்செயும் ஏரி உட்பரப்பும் மேய்ச்சல் தரிசும் சுற்றிலும் இல்லாமல் இப்படியொரு சந்தை நிலைக்க முடியாது. அதே நெடுஞ்சாலையின் இருபுறமும் கடந்த அரை நூற்றாண்டில் சிப்காட் வளாகங்களும் தனியார் ஆலைகளும் பரவியிருக்கின்றன. இந்தச் சூழலில்தான் 2024 ஜூன் 27 அன்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் விதி 110இன் கீழ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளக்கூடிய பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்பது அந்த அறிவிப்பு. அதன் பிறகு சூளகிரி, பாகலூர், பேரிகைப் பக்கத்துக் கிராமங்களில் நிலத்தைப் பற்றிய பேச்சு வேறொரு தொனிக்கு மாறிவிட்டது.

விமானத்துக்காக நிலம் எடுப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோழவரம், அரக்கோணம், தஞ்சாவூர், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, உச்சிப்புளி, சூலூர் எனப் பல இடங்களில் ஓடுதளங்கள் போடப்பட்டன. 1945இல் போர் முடிந்தது. ஓரிரு ஆண்டுகளில் அந்நிய விமானங்களும் போய்விட்டன. நிலம் மட்டும் உழவுக்கோ மேய்ச்சலுக்கோ முழுமையாகத் திரும்பவில்லை. ஒரு போரின் அவசரத்துக்காக எடுக்கப்பட்ட நிலம் எண்பது ஆண்டுகளாக ஏன் திரும்பவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் ஓடுதளத்தை முதன்மைச் சான்றாகவும் பிற தளங்களை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்கிறேன். ஓசூர் எல்லையில் நாளை நடக்கவிருப்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய கணக்கு நமக்குத் தேவை என்பது என் உறுதியான கருத்து.

2. மூன்று வகைக் கதைகள்

போர்க்கால ஓடுதளங்களைப் பற்றி இன்று நம்மிடையே மூன்று வகைக் கதைகள் புழங்குகின்றன.

முதலாவது படைவரலாறு. எந்த ஸ்குவாட்ரன் எந்த மாதம் வந்தது, எந்த விமானத்தை ஓட்டியது, எப்போது கிளம்பியது என்பதை அது துல்லியமாகச் சொல்லும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் செயற்பாட்டுப் பதிவேடுகள் நாள்வாரியாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இக்கதையில் தளம் என்பது விமானம் நிற்கும் இடம் மட்டுமே. அதற்கு முன் அங்கே என்ன விளைந்தது, யார் ஆடு மேய்த்தார்கள் என்ற கேள்விகள் அதில் எழுவதில்லை.

இரண்டாவது நினைவுக் கதை. சோழவரம் என்றதும் சென்னையின் மூத்த தலைமுறைக்கு நினைவு வருவது மோட்டார் பந்தயம். பிப்ரவரி மாதப் புழுதி, வைக்கோல் கட்டுகள், என்ஜின் இரைச்சல் என அந்நினைவு இன்றும் துடிப்போடு இருக்கிறது. ஆனால் பந்தயம் நடத்தத் தோதான காலி நிலம் நகரத்துக்கு இவ்வளவு அருகே எப்படி இருந்தது என்று இக்கதை கேட்பதில்லை.

மூன்றாவது வளர்ச்சிக் கதை. பயன்படாமல் கிடக்கும் ஓடுதளத்தை மீட்டு விமான நிலையமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். மத்திய அரசின் உடான் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டபோது இக்கதைக்குப் புதுத் தெம்பு கிடைத்தது. தமிழகத்தில் சேலம், நெய்வேலி, வேலூர், தஞ்சாவூர், இராமநாதபுரம் ஆகியவை அத்திட்டத்தில் பேசப்பட்டன. ‘பயன்படாமல் கிடக்கிறது’ என்ற முன்முடிவிலிருந்தே இக்கதை தொடங்குகிறது.

மூன்றுக்கும் ஆதாரங்கள் உண்டு. மூன்றும் தத்தம் அளவில் உண்மை. ஆனால் மூன்றுமே நிலத்தை வெறுந்தரையாகப் பார்க்கின்றன. அந்தத் தரைக்கு உடைமையாளர் யார், அந்த உடைமை எந்தச் சட்டத்தால் கைமாறியது, ஏன் மறுபடி கைமாறவில்லை என்பதை நான்காவது கதையாகச் சொல்லியாக வேண்டும்.

3. 1942: அவசரத்தில் எழுந்த தளங்கள்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக் கடற்பரப்பில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. சென்னை அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினார்கள். வங்காள விரிகுடாவின் மேற்குக் கரை முழுவதும் திடீரென்று போர்முனையாகிவிட்டது.

போருக்கு முந்தைய பிரிட்டிஷ் இந்தியாவின் வான்பாதுகாப்பு வடமேற்கு எல்லையையே நோக்கியிருந்தது. தெற்கிலும் கிழக்கிலும் கனரக விமானம் எல்லாப் பருவத்திலும் இறங்கக்கூடிய தளங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. ஆகவே 1942இல் நாடு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட புதிய தளங்களை அமைக்கும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. தமிழகத்துப் போர்க்கால ஓடுதளங்கள் பெரும்பாலும் இத்திட்டத்தின் பிள்ளைகளே.

ஓர் ஓடுதளம் எப்படிப் போடப்பட்டது என்பதைச் சற்று அருகே நின்று பார்க்க வேண்டும். நில அளவைக்காரர்கள் சங்கிலி பிடித்துக் கோடு போட்டதும் மரங்கள் வெட்டப்படும், வரப்புகள் அழிக்கப்படும், பள்ளங்கள் மேடாக்கப்படும். மண்ணை இறுக்கிய பின் பெரிய கல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் மேற்பூச்சு என அடுக்குகள் ஏறும். இயந்திரங்கள் அரிது. ரோடு ரோலர் கிடைக்காத இடங்களில் கல் உருளையை மாடுகளும் மனிதர்களும் இழுத்தார்கள். சம்மட்டியால் கல் உடைத்து, சும்மாடு கட்டி, சட்டியில் ஜல்லி சுமந்தவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். அன்றைய ராயல் விமானப்படையின் கனரக விமானங்களுக்கான முதன்மை ஓடுதள அளவு 2,000 கெஜ நீளமும் 50 கெஜ அகலமும் ஆகும். கணக்கிட்டால் ஓடுதளத் தரை மட்டும் சுமார் 20 ஏக்கர் வரும். ஆனால் குறுக்கு ஓடுதளம், விமானம் ஊர்ந்து செல்லும் பாதை, குண்டுவீச்சில் ஒருசேர அழியாமல் விமானங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தும் தளமேடைகள், எரிபொருள் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, குடியிருப்பு எனச் சேரும்போது எடுக்கப்படும் நிலம் பல நூறு ஏக்கர்களாக விரியும். இருபது ஏக்கர் தரைக்காக அதைச் சூழ்ந்த பல மடங்கு நிலம் பூட்டப்படுவதே விமானத் தளத்தின் இயல்பு.

தேர்வுக்கான அளவுகோலும் கவனிக்கத்தக்கது. சமதளம், திறந்தவெளி, சுற்றிலும் குன்றோ உயர்ந்த மரமோ இல்லாமை, சாலை அல்லது ரயில் வசதி ஆகியவையே தேவைகள். ஆற்றுப்பாசன நஞ்சையைவிட மானாவாரிப் புன்செயும் மேய்ச்சல் வெளியும் இவற்றுக்கு எளிதில் பொருந்தின. அப்படிப்பட்ட நிலத்தில்தான் பட்டா இல்லாத உரிமைகள் அதிகம். ஊர்ப்பொதுவில் ஆடுமாடு மேய்ப்பதும் சுள்ளி பொறுக்குவதும் ஏரி வற்றியபின் கிடைபோடுவதும் எந்தப் பத்திரத்திலும் ஏறாத உரிமைகள். பட்டாதாரருக்காவது இழப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரி உண்டு. மேய்ச்சல்காரருக்கு அதுவும் கிடையாது.

4. சோழவரத்தில் விமானங்கள்

செங்குன்றத்துக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சோழவரம். சென்னையின் குடிநீர் ஏரிகளில் ஒன்றைத் தன் பெயரில் கொண்ட ஊர். பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட 1944இல்தான் இந்த ஏரிகளின் வழியே சென்னைக்கு வரும் நீர்வழி விரிவடைந்தது. அதே ஆண்டில் இதே வட்டாரம் வான்போரின் பின்களமாகவும் இருந்தது. செங்குன்றம் ஏரியில் ராயல் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா என்ற நீர்விமானங்களுடன் தங்கியிருந்தது. ஏரிப்பரப்பிலிருந்தே எழும்பி, வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தவை அவை. சோழவரம் ஓடுதளத்தில் 1944இல் 27ஆம், 47ஆம் ஸ்குவாட்ரன்கள் பியூஃபைட்டர் விமானங்களுடன் இருந்தன. கடலில் எதிரிக் கப்பல்களைத் தாக்குவதற்கான அணி இது.

இந்தக் கரையோரத் தளங்கள் தனித்து இயங்கவில்லை. அவற்றுக்குப் பின்புலமாக இருந்தது பெங்களூர் பீடபூமி. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்துஸ்தான் விமான ஆலை, 1943இல் அமெரிக்க விமானப்படையின் பழுதுநீக்கும் தளமாக மாறியது. பெங்களூருக்கு வடக்கே எலகங்காவில் விமானிகளுக்குப் புதுவகை விமானங்களில் பயிற்சி தரப்பட்டது. கோலாரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சிப் பிரிவு இருந்தது; 1944 நவம்பரில் 358ஆம் ஸ்குவாட்ரன் அங்கேயே உருவாக்கப்பட்டது. அதாவது இன்றைய ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதிக்கு வடமேற்கிலும் வடக்கிலும் போர்க்கால விமானத் தளங்கள் வரிசையாக நின்றன.

இந்தக் கரைக்கும் பீடபூமிக்கும் இடையிலான உறவைக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. 47ஆம் ஸ்குவாட்ரன் 1944 அக்டோபரில் சோழவரத்திலிருந்து எலகங்காவுக்கு மாற்றப்பட்டது. பெரும்பகுதி மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஆன மஸ்கீட்டோ விமானத்தை அப்பிரிவுக்குத் தந்தார்கள். சில வாரங்களில் கிழக்குக் களத்திலிருந்த மஸ்கீட்டோக்களில் இறக்கையின் ஒட்டு விட்டுப்போகும் கோளாறு வெளிப்பட்டது. வெப்பமும் ஈரமும் காரணமென்று ஒரு தரப்பும் ஆலையில் ஒட்டிய விதமே சரியில்லை என்று மறுதரப்பும் வாதிட்டன. விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. பிரிவு மீண்டும் பியூஃபைட்டருக்கே திரும்பியது. படைக்கு விமானம் எவ்வளவு விரைவாக மாற்றத்தக்கது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பொருந்தாத விமானத்தை ஒரே மாதத்தில் கைவிட்டார்கள். நிலத்தின் மேல் போட்ட தரையை மட்டும் அப்படிக் கைவிட முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

5. நிலத்தைப் பூட்டிய சட்டம்

போர்க்காலத்தில் நிலத்தை எடுக்க அரசுக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, 1894ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம். இதன்படி நிலம் அரசுக்கே சொந்தமாகிவிடும். மற்றொன்று, 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள். இவற்றின்படி நிலத்தின் உடைமை உரியவரிடமே இருக்கும். அனுபோகத்தை மட்டும் அரசு எடுத்துக்கொண்டு ஈடு தரும். இரண்டாவது வழி வேகமானது. தன்மையில் அது தற்காலிக ஏற்பாடு. போர் முடிந்தால் நிலம் திரும்ப வேண்டும் என்பது அதன் உள்ளுறை வாக்குறுதி.

அந்த வாக்குறுதி எப்படிக் கரைந்தது என்பதற்குச் சட்ட நூல்களே சாட்சி. பாதுகாப்பு விதிகள் 1946இல் காலாவதியாயின. எடுத்த நிலங்களை விட்டுவிட வேண்டிய நிலையில், 1947இல் அந்த அதிகாரத்தைத் தொடரச் செய்யும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1952இல் அசையாச் சொத்துகளை எடுத்தல், கையகப்படுத்தல் சட்டம் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கென்று வந்த அந்தச் சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது; எடுத்த சொத்துகளைத் தற்காலிகமாகக் கையில் வைத்திருக்கும் அதிகாரம் 1987வரை நீடித்தது.

1952 சட்டத்தின் 7ஆம் பிரிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். தற்காலிகமாக எடுத்த சொத்தை எப்போது நிரந்தரமாகக் கையகப்படுத்தலாம் என்று அது சொல்கிறது. இரு சூழல்களே உண்டு. அரசு செலவில் அந்நிலத்தில் கட்டுமானம் எழுந்து, அதன் மதிப்பையோ பயன்பாட்டையோ அரசு காத்துக்கொள்ள வேண்டியிருந்தால் கையகப்படுத்தலாம். அல்லது நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு மிக அதிகமாகி, அந்நிலையில் இழப்பீடு இல்லாமல் நிலத்தை ஏற்க உரியவர் மறுத்தால் கையகப்படுத்தலாம்.

ஓடுதளத்தை மனத்தில் வைத்து இவ்விரு சூழல்களையும் பார்த்தால் நம் கேள்விக்கு விடை தெரிகிறது. ஓடுதளம் அரசு செலவில் எழுந்த கட்டுமானம். அதைப் பெயர்த்து, ஜல்லியை அள்ளி, மேல்மண் பரப்பி மறுபடி புன்செயாக்குவது போடுவதைவிடப் பெருஞ்செலவு. எனவே ஓடுதளம் உள்ள நிலம் இரு சூழல்களிலும் அடங்கிவிடுகிறது. வேறு வார்த்தையில் சொன்னால், எவ்வளவு கெட்டியாகத் தரை போடப்பட்டதோ அவ்வளவு கெட்டியாக நிலத்தின் மீதான அரசின் பிடியும் இறுகியது. படைமுகாமுக்காக எடுத்த வீடும் கூடாரம் போட்ட வயலும் உரியவருக்குத் திரும்பலாம். ஓடுதளம் திரும்புவதற்கு அந்தச் சட்டத்தில் வழி குறுகலாகவே இருந்தது. ஒவ்வொரு தளத்தின் நிலமும் இந்தப் பிரிவின் வழியேதான் கைமாறியது என்று நான் வாதிடவில்லை. தரையே உரிமையைத் தீர்மானிக்கும் தர்க்கம் நாட்டின் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது என்பதே என் வாதம்.

இதே காலத்தில் பிரிட்டனில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். டார்செட் மாவட்டத்தில் கிரிச்சல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கர் நிலத்தை விமானப்படை குண்டுவீச்சுப் பயிற்சிக்காகப் போருக்குச் சற்று முன்பு வாங்கியது. போர் முடிந்ததும் அது வேளாண் அமைச்சகத்தின் கைக்குப் போனது. பழைய உரிமையாளரின் வாரிசுகள் நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடினார்கள். விசாரணை நடந்தது. 1954 ஜூலையில் வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். பொதுத் தேவைக்காக எடுத்த நிலம் தேவையற்றுப் போனால் முதலில் பழைய உரிமையாளருக்கே அதைத் தர முன்வர வேண்டும் என்ற நெறிமுறை அங்கே உருவாயிற்று. அந்த வாரிசுகள் செல்வாக்குள்ள பிரபுக் குடும்பத்தினர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஒரு நெறி பிறந்தது. அதே பேரரசின் விமானப்படை தமிழகத்தில் எடுத்த நிலங்களுக்கு அப்படியொரு நெறி பிறக்கவில்லை. விடுதலை பெற்ற இந்திய அரசும் அதை உருவாக்க முனையவில்லை.

6. ஓடுதளம் பந்தயத் தடமானது

போருக்குப் பின் சோழவரம் ராணுவத்தின் வசமே இருந்தது. விமானமில்லாத நீண்ட தரைக்கு வேறொரு பயனைக் கண்டவர்கள் 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைச் சேர்ந்தவர்கள். ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல அமைந்த ஓடுதளங்களை வைத்துப் பந்தயச் சுற்று வகுக்கப்பட்டது. நீண்ட நேர்க்கோட்டில் உச்ச வேகம், முனையில் கூரிய திருப்பம், மறுபடி நேர்க்கோடு. பந்தயத் தடத்துக்கென வடிவமைத்தால் யாரும் இப்படி வரையமாட்டார்கள். காற்றின் திசைக்கேற்ப விமானம் இறங்குவதற்காக வரையப்பட்ட கோடுகளே கார்களின் போக்கையும் தீர்மானித்தன.

இது சென்னைக்கே உரிய விந்தை அன்று. பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் 1943இல் திறக்கப்பட்ட குண்டுவீச்சு விமானத் தளம். 1950 மே 13 அன்று உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கேதான் நடந்தது. அமெரிக்காவின் செப்ரிங்கும் போர்க்கால விமானத் தளமே. கொல்கத்தாப் பந்தயங்களுக்குப் பாரக்பூர் ஓடுதளம் இடம் தந்தது. போர் விட்டுச்சென்ற தரையிலேதான் உலகின் பல இடங்களில் மோட்டார் பந்தயம் வேர்பிடித்தது.

சோழவரம் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் இந்தியப் பந்தயத்தின் தலைநகராக விளங்கியது. கோண்டல் அரச குடும்பத்தார் வந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை இங்கே ஓட்டினார். ஆனால் சோழவரத்தின் உண்மையான பங்களிப்பு பட்டறைகளில் நிகழ்ந்தது. சென்னையிலும் கோவையிலும் இருந்த மெக்கானிக்குகள் ஃபியட், அம்பாசடர் என்ஜின்களைப் பிரித்து மேய்ந்து வேகம் கூட்டக் கற்றார்கள். கோவையின் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் 1980களின் இறுதியில் களமிறங்கி, சாதாரணப் பின்னணியிலிருந்து வந்த இளைஞர்களுக்கும் ஒற்றை இருக்கைப் பந்தயத்தைத் திறந்துவிட்டன. பின்னாளில் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னை எட்டியதற்குப் பின்னால் இந்த மரபு இருக்கிறது.

இருந்தும் கிளப்புக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை இருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ராணுவத்தின் அனுமதியை நம்பியே பந்தயம் நடந்தது. நிரந்தரப் பார்வையாளர் மாடமோ பாதுகாப்புச் சுவரோ எழுப்ப முடியாது. எனவே கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் 3.7 கிலோமீட்டர்த் தடம் அமைத்தது. 1990இல் பந்தயம் அங்கே போய்ச் சேர்ந்தது. உழவர் இழந்த நிலத்தில் விளையாட்டு வீரர்களும் காலூன்ற முடியவில்லை. நாற்பதாண்டுகள் பயன்படுத்தியவர்களுக்கும் அது இரவல் தரையாகவே இருந்தது.

7. பிற தளங்களின் போக்கு

மற்றத் தளங்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று போக்குகள் புலப்படுகின்றன.

ஒன்று, படைத்தளமாகத் திரும்பியவை. சூலூரில் போரின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு வைரி என்ற பெயரில் தளம் நடத்தியது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படை அங்கே இருந்தது. 1984இல் இந்திய விமானப்படை வந்தது. பின்னர் அது தேஜஸ் விமானங்களின் தளமாகவும் ஆனது. அரக்கோணம் நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்து, 1992 மார்ச்சில் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளமாயிற்று. உச்சிப்புளி 2009இல் பருந்து என்ற கடற்படை விமானத் தளம் ஆனது. 1942 அக்டோபரில் 36ஆம் ஸ்குவாட்ரன் வெலிங்டன் விமானங்களுடன் மீண்டும் உருவாக்கப்பட்ட தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய் விமானங்கள் நிற்கின்றன.

இரண்டு, காத்திருப்பவை. உளுந்தூர்பேட்டையும் செட்டிநாடும் இவ்வகையின. ஒவ்வொரு தேர்தலிலும் விமான நிலையமாகும் என்ற வாக்குறுதி இவற்றைச் சுற்றி எழுந்து அடங்குகிறது.

மூன்று, விரிந்தவை. இதற்கான கடுமையான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்தின் பலாலி. போர்க்காலத்தில் ராயல் விமானப்படை அமைத்த தளம் பின்னர் குடிமக்கள் விமான நிலையமாயிற்று. உள்நாட்டுப் போரில் இலங்கைப் படைகளின் கோட்டையானது. 1990இல் அதைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் ஊர் ஊராக வெளியேற நேர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்ட அந்நிலம் போர் முடிந்த பின்னும் துண்டு துண்டாகவே விடுவிக்கப்படுகிறது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து பயணிகள் விமானச் சேவை தொடங்கியது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலும் காணிக்காகக் காத்திருப்போரின் போராட்டம் ஓயவில்லை. 1940களில் போட்ட ஓடுதளம் ஐம்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு போரின் மையமாகி, முன்பு எடுத்ததைவிடப் பல மடங்கு நிலத்தை விழுங்கியது. சிறிய தளம் சிறியதாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதைப் பலாலி நிரூபிக்கிறது.

8. எதிர்வாதங்கள்

இந்த வாசிப்புக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, இந்நிலங்கள் அரசின் கையிலேயே இருந்ததால்தான் நாட்டுக்குப் பயன்பட்டன என்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கின. 1946இலேயே அந்நிலம் உழவுக்குத் திரும்பியிருந்தால் அந்த வழி இருந்திருக்காது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிற்காலப் பயன், தொடக்கத்தில் நிலம் இழந்தவர்களுக்கான கணக்கைத் தீர்த்துவிடாது. தற்காலிகம் என்று எடுத்ததைப் புதுத் தேவைக்காக வைத்துக்கொள்ள நேர்ந்தால், அந்தத் தேவையைப் புதிதாக அறிவித்து, புதிய விலைக்குப் புதிய ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, எடுத்த நிலத்தில் பெரும்பகுதி புறம்போக்கும் தரிசும்தானே என்பது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் இந்த வாதம் பலமாகத் தெரியும். ஆனால் அந்தப் பதிவேடு தீர்வை வசூலுக்காக எழுதப்பட்டது. தீர்வை தராத நிலம் அதில் பயனற்ற நிலமாகவே காட்சியளிக்கும். குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை கைமாறும் ஆடுகளில் பல, அப்பதிவேட்டில் தரிசு என்று குறிக்கப்பட்ட நிலத்தில் வளர்ந்தவையாகத்தான் இருக்கும். பதிவேட்டின் மௌனத்தை நிலத்தின் வெறுமையாகப் படிப்பது ஆய்வுப் பிழை மட்டுமன்று. அது அநீதிக்கும் துணைபோகிறது.

9. ஓசூர் எல்லையில் இன்று

ஓசூருக்கு ஓர் ஓடுதளம் ஏற்கெனவே உண்டு. பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் ஓடுதளம் 1990களிலிருந்து இருக்கிறது. சிறு விமானங்கள் அங்கே கட்டப்பட்டிருக்கின்றன. பயணிகள் விமான நிலையம் வராமைக்குப் பெங்களூர் பன்னாட்டு விமான நிலையத்தின் ஒப்பந்தம் முக்கியக் காரணம். 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 2033வரை போட்டி விமான நிலையம் வரக் கூடாது என்ற நிபந்தனை அதில் உள்ளது. வான்வெளிக் கட்டுப்பாடு பெங்களூரில் முன்பு கண்ட இந்துஸ்தான் விமான ஆலையின் (எச்.ஏ.எல்.) விமான நிலையத்தைச் சார்ந்தது என்பது இன்னொரு சிக்கல். அதாவது நிலம் இன்று எடுக்கப்பட்டாலும் விமானம் எழும்புவதற்குப் பல ஆண்டுகளாகலாம். அந்த இடைவெளியில் நிலம் யாருடைய பெயரில், எந்த நிபந்தனையோடு இருக்கும் என்பதுதான் சோழவரத்தின் வரலாறு நம்மைக் கேட்கத் தூண்டும் கேள்வி.

2013ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. எடுத்த நிலம் ஐந்தாண்டுகள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது அதன் 101ஆம் பிரிவு. சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயம். ஆனால் தமிழகத்தில் தொழில் நோக்கங்களுக்கான நிலம் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் வழியே எடுக்கப்படுகிறது. அச்சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாதென்றது. அதே ஆண்டு மாநில அரசு அதற்கு மறு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுத் தொகை மத்தியச் சட்டத்துக்கு இணையாக இருக்கலாம். தாக்க மதிப்பீடும் நிலம் திரும்பும் ஏற்பாடும் அவ்வாறில்லை. 1952 சட்டத்தில் கண்ட அதே குறுகல் இங்கேயும் தெரிகிறது.

ஆகவே முடிவாக மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். நிலத்தை அளக்கும் முன்பே அதன் முழுப் பயன்பாட்டையும், பட்டாவில் இல்லாத மேய்ச்சலும் நீரும் வழித்தடமும் உட்பட, கிராம சபையின் முன் பதிவு செய்ய வேண்டும். எந்த ஆண்டுக்குள் எந்தப் பணி தொடங்காவிட்டால் நிலம் திரும்பும் என்பதை அரசாணையிலேயே எழுத வேண்டும். ஏற்கெனவே அரசின் கையிலுள்ள போர்க்கால ஓடுதளங்களின் நில வரலாற்றை, சர்வே எண் வாரியாக, மாவட்ட நிர்வாகங்கள் வெளியிட வேண்டும். சோழவரத்தில் பறந்த விமானங்களின் எண்களும் ஓடிய கார்களின் பெயர்களும் நமக்குத் தெரிகின்றன; அங்கே உழுதவர்களின், மேய்த்தவர்களின் பெயர்களை எழுதி வைக்க அன்றைக்கு யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. ஓசூர் எல்லையில் அந்தக் கடமையைச் சட்டமாக்க இன்னும் காலம் இருக்கிறது. தரை போட்ட பிறகு அது இருக்காது.